வைர மோதிரம்: பெட்டியின் மேல் இருக்கும் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி

பாம்பனைச் சேர்ந்தவன். ஜூன் கடைசியில் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் தொண்டிப் பக்கம். மோதிரம் வைரத்தில் இருக்க வேண்டும், அதுவும் ஊருக்கெல்லாம் தெரிந்த பெரிய கடையின் மோதிரமாக இருக்க வேண்டும் என்று பெண்ணின் அம்மா ஆசைப்படுகிறார். அதே எடைக் கல்லை ராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரர் கால் பங்குக்கும் மேல் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். அதிகப்படி விலை முழுவதும் பெயருக்குத்தான் என்கிறார்கள் நண்பர்கள். பெயர் இல்லாத கடையில் வாங்கிய வைரத்தைப் பிறகு எவரும் தொடமாட்டார்கள் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

ஏப்ரல் 6, 2025

தம்பி, பெரிய கடையின் விலைச்சீட்டில் கல்லின் விலையும் அந்தக் கடை தரும் வாக்கின் விலையும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் நண்பர்கள் கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள், அண்ணன் வாக்கைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் பிரித்தால்தான் உங்களுக்குப் பதில் கிடைக்கும். நாங்கள் மண்டபத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கும் உயிர்ப்புப் பெருவிழா கழிந்ததும் நிச்சயம். வீட்டில் கணக்குப் பார்ப்பவள் நான் என்பதால் கடை கடையாக ஏறி இறங்குவதும் என் வேலையாகிவிட்டது.

முதலில் கல்லைப் பார்ப்போம். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது சூரத்தில் தீட்டப்படுகின்றன. மதுரையின் பெரிய கடையில் கண்ணாடிக்குள் இருக்கும் கல்லும், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைக்காரர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டும் கல்லும் பெரும்பாலும் ஒரே ஊரின் பட்டறைகளிலிருந்து வந்தவை. கல்லின் தரத்தை நான்கு அளவுகள் சொல்லும்: எடை, நிறம், தெளிவு, பட்டை. எடை காரட்டில். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நிறத்துக்கு ‘டி’ எழுத்தில் தொடங்கி ‘இசட்’ வரை தரம் உண்டு. ‘டி’ நிறமே இல்லாதது, கீழே போகப் போக மஞ்சள் ஏறும். தெளிவு என்பது உள்ளே இருக்கும் புள்ளி, கீறல், மேகம் ஆகியவற்றின் கணக்கு.

இந்த நான்கையும் எழுதித் தருவது கடையாக இருக்கக்கூடாது. அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய ஜிஐஏ, ஆன்ட்வெர்ப்பில் 1975-இல் தொடங்கிய ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் எழுதித் தர வேண்டும். கடையே தன் பெயரை அச்சிட்டுத் தரும் பளபள அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விற்பவர் தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கொண்ட நற்சான்று. ஒரே ஆய்வகத்தின் தாளில் நான்கு அளவுகளும் ஒத்திருக்கும் இரண்டு கற்களை வைத்துக்கொண்டு விலையைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நிற்கும் வித்தியாசம்தான் பெயரின் விலை. மீன் ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே விலை கேட்கிறோம்? படகின் பெயரைப் பார்த்து எந்த வியாபாரியும் கேட்பதில்லை.

ஏப்ரல் 6, இரவு

புதிய பாம்பன் பாலத் திறப்பைப் பார்க்கப் போன கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். 2022 டிசம்பரிலிருந்து தீவுக்கு ரயில் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால் மகிழ்ச்சி. மோதிரப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

காலையில் எழுதியதில் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான்கு அளவுகளில் கண்ணுக்கு நேராகத் தெரிவது அதுதான். வட்டக் கல்லில் ஐம்பத்தேழு அல்லது ஐம்பத்தெட்டு முகங்கள். அவற்றின் சாய்வு சரியாக இருந்தால் மேலிருந்து நுழையும் ஒளி உள்ளே திரும்பி மேலேயே வரும். கல்லை ஆழமாக விட்டுவிட்டால் எடை கூடும், விலையும் கூடும், ஆனால் ஒளி அடிவழியே கசிந்துபோகும், மேலிருந்து பார்க்கக் கல்லும் சிறியதாகத் தெரியும். நல்ல பட்டையுள்ள முப்பது சென்ட் வட்டக் கல் ஏறக்குறைய 4.3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால் எடையை அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெயருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பட்டைக்குக் கொடுங்கள். அது விரலில் தெரியும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நேற்று இரண்டு கடைகளில் எழுதி வாங்கி வந்த விலைகளைத் தருகிறேன். 22 காரட் தங்கம் (இங்கே காரட் என்பது தூய்மையின் அளவு, எடை இல்லை) கிராம் 8,800 ரூபாய் என்றால் 18 காரட் 7,200 ஆகிறது. மோதிரத்தில் மூன்று கிராம் தங்கம், முப்பது சென்ட் கல், ‘ஜி’ நிறம், ‘விஎஸ்’ தெளிவு (லென்ஸில் மட்டும் தெரியும் மிகச் சிறு புள்ளிகள்).

பெயர் பெற்ற கடையில் தங்கத்துக்கு 21,600, கல்லுக்கு 72,000, செய்கூலி 6,400. கூட்டினால் ஒரு லட்சம். மூன்று சதவீத ஜிஎஸ்டியோடு 1,03,000.

ராமநாதபுரம் கடையில் தங்கத்துக்கு அதே 21,600, கல்லுக்கு 48,000, செய்கூலி 3,400. ஆக 73,000. வரியோடு 75,190.

இடைவெளி 27,810 ரூபாய். தங்கத்தில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாளேட்டில் விலை வரும் பொருளில் எவரும் கை வைக்க முடியாது. வீட்டில் இருந்தபடி எவராலும் சரிபார்க்க முடியாத கல்லில்தான் 24,000 ரூபாய் ஏறி நிற்கிறது.

ஏப்ரல் 14

அந்த 24,000 முழுவதையும் பெயரின் கணக்கில் எழுதக்கூடாது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பெரிய கடைக் கல்லின் பட்டைக்கு ‘எக்ஸலன்ட்’, ராமநாதபுரத்துக் கல்லுக்கு அதற்கு ஒரு படி கீழே ‘வெரி குட்’. கடைக்காரரைக் கூப்பிட்டு ‘எக்ஸலன்ட்’ பட்டையில் கல் வரவழைத்தால் என்ன விலை என்று கேட்டேன். கல்லுக்கு 53,000 என்றார். அப்படியானால் மொத்தம் 78,000, வரியோடு 80,340. உண்மையான இடைவெளி 22,660 ரூபாய். பெயருக்கான விலை இதுதான். ஒத்த கல்லோடு ஒத்த கல்லை வைக்காமல் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று: முப்பது, ஐம்பது, நூறு என்று முழு எண்ணைத் தொடும் இடங்களில் விலை படியேறும். இருபத்தெட்டு சென்ட் கல்லையும் முப்பது சென்ட் கல்லையும் விரலில் மாற்றிப் போட்டால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும்.

ஏப்ரல் 15

இன்று முதல் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் வீட்டுக்காரர் படகைக் கரையேற்றுகிறார். மரவேலை, இயந்திர வேலை, வர்ணம் என்று பணம் வெளியேறும், வரவு ஒன்றும் இருக்காது. இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு பெண்களின் கழுத்திலும் கையிலும் இருப்பது வங்கிக்குப் போகும் காலம் இது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் மோதிரத்தை அடகுக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். நிச்சயத்துக்கு வாங்கும்போதே அடகைப் பற்றிப் பேசலாமா என்று என் அத்தை முகம் சுளித்தார். பேச வேண்டும். அந்தப் பெண் நாளைக்கு இந்தக் கரையில்தான் குடும்பம் நடத்தப்போகிறாள்.

வங்கியின் மதிப்பீட்டாளர் மோதிரத்தைத் தராசில் வைப்பார். 3.06 கிராம் காட்டும். கல்லின் 0.06 கிராமைக் கழிப்பார். மீதி மூன்று கிராமையும் 18 காரட் என்று எழுதுவார். தங்கத்தின் மதிப்பு 21,600. அதில் எழுபத்தைந்து சதவீதம்தான் கடனின் உச்சவரம்பு என்பது இன்றைக்கு (2025 ஏப்ரல்) உள்ள ரிசர்வ் வங்கி விதி. அதாவது 16,200 ரூபாய். 1,03,000 கொடுத்து வாங்கிய மோதிரம் அடகு மேசையில் 16,200. ராமநாதபுரத்தில் 80,340 கொடுத்து வாங்கிய மோதிரமும் அதே 16,200. பெயருக்கும் அங்கே மதிப்பில்லை, கல்லுக்கும் இல்லை. கல் பதித்த 18 காரட் நகை என்றாலே தயங்கும் கிளைகளும் உண்டு.

அந்த 22,660 ரூபாயைக் கல்லில்லாத 22 காரட் நகையாக வாங்கினால் இரண்டு கிராம் வாங்கிச் செய்கூலியும் வரியும் கொடுத்த பிறகு கொஞ்சம் மிஞ்சும். ஒரு ஜோடி சிறு கம்மலோ மெல்லிய மோதிரமோ. அதை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், மீட்கலாம்.  

ஏப்ரல் 22

உயிர்ப்பு விழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். மேலே எழுதியதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது உள்ளே போய்த் தன் ஏழு கல் தோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு பெண்ணின் அம்மாவைப் பற்றி நான் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

அந்தத் தோட்டை அப்பா எங்கள் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் வாங்கியிருந்தார். பில் என்று ஒரு துண்டுத்தாள். “ப்ளூ ஜாகர் வைரம், ஏழு கல், ஜோடி” என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எடை இல்லை, நிறம் இல்லை, தெளிவு இல்லை. கல் நல்ல கல்தான். என் அக்காவின் பிரசவத்தில் பணம் தேவைப்பட்டபோது அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது. வேறு மூன்று கடைகளில் ஏறி இறங்கியும் எல்லோரும் தங்கத்துக்கு மட்டும் விலை சொன்னார்கள். அம்மா அழவில்லை, தோட்டைத் திரும்பக் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து “பெயருள்ள இடத்தில் வாங்கு” என்பது எங்கள் வீட்டில் சட்டம் போல ஆகிவிட்டது.

உங்கள் வருங்கால மாமியாருக்கும் இப்படி ஒரு தோடு இருக்கலாம், தம்பி. பெயரைக் கேட்கிற பெண்கள் எல்லோரும் பகட்டுக்காகக் கேட்பதில்லை. கல்லைச் சோதிக்கத் தெரியாதவர்களுக்கு, சோதித்துச் சொல்ல ஆளும் இல்லாதவர்களுக்கு, கடையின் பெயர் ஒன்றுதான் பிடிமானம். உங்களிடம் ஆய்வகத் தாள் இருந்தால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி நீங்கும். அவரையும் கடைக்கு அழைத்துப் போய், தாளைக் கையில் கொடுத்து, அதில் இருப்பதைப் பொறுமையாகப் படித்துக் காட்டுங்கள். “அத்தை, உங்கள் மகளுக்கு வாங்குவது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். உங்கள் நண்பர்கள் நினைப்பதுபோல அவரிடம் வாதாடி வெல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பெரிய கடையின் வாக்கு நிஜமான பொருளாக இருக்கும் இடங்களும் உண்டு. வாங்கிய கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுத்தில் கொடுக்கிறார்களே, அது ஒன்று. அதையும் ஊன்றிப் படிக்க வேண்டும். பணமாகத் தருவதற்கு ஒரு விகிதம், வேறு நகையாக மாற்றிக்கொள்வதற்கு இன்னொரு விகிதம் இருக்கும். வாங்கிய அன்றைய விலையா, திரும்பக் கொடுக்கும் அன்றைய விலையா? செய்கூலியும் வரியும் எப்படியும் திரும்ப வராது. அசல் பில்லும் அசல் தாளும் இல்லாவிட்டால் வாக்கும் இல்லை. மதுரையில் இருக்கும் அந்தக் கடைக்குப் பாம்பனிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு அந்த எழுத்து 22,660 ரூபாய்க்குத் தகும் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். எழுதித் தராத பெயருக்கு நான் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன்.

ஏப்ரல் 23

ப்ளூ ஜாகர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த வியாபாரப் பெயர். வெயிலில் லேசாக நீலம் காட்டும் வெள்ளைக் கல். நம் பக்கத்தில் மூக்குத்திக்கும் தோட்டுக்கும் அதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். அந்த நீலத்தை இன்றைய ஆய்வகத் தாளில் ‘ஃப்ளோரசன்ஸ்’ என்ற வரியில் எழுதுகிறார்கள். பலமான நீலம் என்று எழுதியிருந்தால் இன்றைய சந்தையில் உயர்ந்த நிறக் கற்களுக்கு விலை குறையும். லேசாக மஞ்சள் ஓடும் கல்லுக்கு அதே நீலம் வெண்மை கூட்டிக் காட்டும். எச், ஐ நிறங்களில் வாங்குபவருக்குக் குறைந்த விலையில் நல்ல கல் கிடைக்கும் வழி இது. வெயிலில் பால் கலந்ததுபோல் மங்கினால் மட்டும் வேண்டாம்.

மே 4

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதற்கு நான் முத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்தவர்களுக்கு இது பழைய கதை.

நம் கடலின் முத்துக்காகப் பல நூற்றாண்டுகள் உலகம் இங்கே வந்தது. கீழக்கரை வணிகர்கள் முத்தும் சங்கும் கற்களும் கொண்டு இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். இயற்கை முத்துக்கு வைரத்துக்கும் மேலான விலை இருந்த காலம் அது. 1917-இல் நியூயார்க்கில் கார்ட்டியே நிறுவனம் இரண்டு சரம் கொண்ட ஒரு இயற்கை முத்துமாலைக்குப் பத்து லட்சம் டாலர் விலை வைத்திருந்தது. மார்ட்டன் பிளான்ட் என்ற செல்வரின் மனைவிக்கு அந்த மாலை மீது ஆசை. ஐந்தாம் அவென்யூவில் இருந்த தங்கள் மாளிகையையும் அதோடு நூறு டாலரையும் கொடுத்து அந்த மாலையை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். அந்த மாளிகையில்தான் இன்றும் கார்ட்டியே கடை இருக்கிறது. மாலை என்ன ஆயிற்று? அந்த அம்மையார் இறந்த பிறகு 1957-இல் ஏலத்துக்கு வந்தது. 1,51,000 டாலருக்குப் போயிற்று.

இடையில் நடந்தது இதுதான். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். 1920-களில் முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அடுத்து 1929-இன் பொருளாதார வீழ்ச்சி. இயற்கை முத்தின் விலை சரிந்தது. உலகத்தில் கார்ட்டியேயைவிடப் பெரிய பெயர் நகைத் தொழிலில் கிடையாது, ஆனால் அந்தப் பெயரால் மாலையின் விலையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நம் பக்கத்தில் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. இங்கே மண்டபத்திலும் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 1973-இல் தூத்துக்குடிப் பக்கத்தில் முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

வைரத்தில் அதே கதை இப்போது நடக்கிறது. 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் மிகு அழுத்தம், மிகு வெப்பத்தில் வைரம் செய்தார்கள். இன்று வாயுவிலிருந்து படலம் படலமாக வளர்க்கும் முறையும் வந்துவிட்டது. நம் ஒன்றிய அரசே இந்த ஆராய்ச்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் என்று 2023-இல் சென்னை ஐஐடிக்கு ஒதுக்கியது. அது போலி இல்லை. அதுவும் கரிதான், அதே கடினம், அதே ஒளி. வெறும் கண்ணால் நானோ நீங்களோ கடைக்காரரோ பிரிக்க முடியாது, கருவி வேண்டும்.

ஆனால் வளர்க்க வளர்க்க விலை இறங்குகிறது, இன்னும் இறங்கும். ஆகவே என் முடிவு: பெரிய கல் போட ஆசை, பணம் குறைவு என்றால் வளர்த்த வைரம் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. திரும்ப விற்கும் நினைப்பை மட்டும் அன்றே விட்டுவிட வேண்டும். வளர்த்த வைரத்துக்குப் பெயரின் விலையைச் சேர்த்துக் கொடுப்பது பணத்தை அலையில் விடுவது. மிக முக்கியமாக, பெண் வீட்டாரிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தாளில் அது வளர்த்தது என்று எழுதியிருக்கும், கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருக்கும். என்றைக்காவது ஒருநாள் வேறு கடையில் அந்தப் பெண்ணுக்கு அது தெரியவருவதைவிட, நிச்சயத்துக்கு முன்பே நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, “சொல்லாமல் வாங்கினால் நான் போடவே மாட்டேன்” என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மே 5

நேற்றைய நீளத்துக்குப் பிறகு சின்னதாக ஒன்று. மாய்சனைட் என்று விலை குறைவாக ஒரு கல் வருகிறது. அது வைரமே இல்லை, சிலிக்கன் கார்பைடு. வெப்பத்தை அளந்து “வைரம்” என்று சத்தம் போடும் பேனாக் கருவி மாய்சனைட்டுக்கும் சத்தம் போடும். கடையில் அந்தக் கருவியை வைத்துக் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தாள் எண்ணையும் விளிம்பில் உள்ள எண்ணையும் லென்ஸில் ஒத்துப் பார்ப்பதுதான் சோதனை. பிறகு அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

மே 18

எங்கள் மோதிரம் முடிந்தது. ராமநாதபுரம் கடையில்தான் செய்யக் கொடுத்தோம், கல் ஐஜிஐ தாளோடு வந்தது. கல்லைப் பார்க்கும் முறையைக் கீழக்கரையில் கல் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். கடையின் விளக்குக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும், அங்கே பார்க்காதே என்றார். வாசலுக்கு வந்து நிழலில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறம் பார்க்க, வெள்ளைத் தாளை மடித்து அதில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பட்டையின் மின்னல் நிறத்தை மறைத்துவிடும். நான் அப்படியே செய்தேன், கடைக்காரர் தானே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கல்லைப் பதிக்கும் முறையில்தான் வீட்டில் வாக்குவாதம். 1886-இல் டிஃபனி நிறுவனம் ஆறு பிடிகளில் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க நிச்சய மோதிரம் என்றால் இன்று அந்த உருவம்தான். ஒளி நான்கு பக்கமும் புகும், அழகு. ஒரு பெயர் தன் உழைப்பால் தந்த நிஜமான கொடை அது. என் தம்பி மனைவியாகப் போகிறவள் செவிலியர். கையுறை போட்டுக் கழற்றுகிற கை, வீட்டில் வலையையும் மீனையும் தொடுகிற கை. தூக்கி நிற்கும் பிடி எதிலாவது மாட்டி ஒரு பிடி நிமிர்ந்தால் கல் போயிற்று. அவளையே கேட்டோம், சுற்றிலும் தங்க விளிம்பு அணைத்த தாழ்வான அமைப்பைக் கேட்டாள். அதையே செய்தோம். 22 காரட்டில் செய்யச் சொல்லி என் அத்தை கேட்டார். அந்தத் தங்கம் மென்மையானது, கல்லை இறுகப் பிடித்து நிற்காது. அதனால்தான் வைரத்துக்கு 18 காரட்.

வைரத்துக்கு உப்புத் தண்ணீரால் கேடில்லை. கொழுப்புதான் ஆகாது. வைரம் எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். கிம்பர்லிச் சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசை மேல் கற்குழம்பை ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்டப் பிடித்ததும் இந்தக் குணத்தால்தான். சாளை ஆய்ந்த கையோடு போட்டால் மாலைக்குள் கல் மங்கிவிடும். வெந்நீர், மென்மையான சோப்பு, பழைய பல்துலக்கி போதும். வாங்கிய கடைக்கே ஓட வேண்டியதில்லை.

ஜூன் 8

ஏப்ரல் 15-இல் எழுதிய அடகுக் கணக்கு மாறப்போகிறது. ரிசர்வ் வங்கி ஜூன் 6-இல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு உச்சவரம்பு 75-இலிருந்து 85 சதவீதமாகிறது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும். அந்த மோதிரத்துக்கு அப்போது 18,360 ரூபாய் வரை கிடைக்கலாம். ஆனால் தங்கத்தின் மதிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும், ரத்தினக் கற்களின் விலையைச் சேர்க்கக்கூடாது என்று அதே நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆக, கல்லைப் பற்றி நான் எழுதியது அப்படியே நிற்கிறது.

இன்னொரு செய்தி. வளர்த்த வைரங்களுக்கு டி, இ, எஃப் என்றும் விஎஸ், விவிஎஸ் என்றும் நுணுக்கமாகத் தரம் எழுதுவதை நிறுத்தி, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்டு’ என்ற இரண்டு வகையில் அடக்கப்போவதாக ஜிஐஏ இந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்திருக்கிறது. வளர்ந்து வருபவை பெரும்பாலும் உயர்ந்த தரத்துக்குள்ளேயே இருப்பதால் பிரிப்பதில் பொருளில்லை என்பது அவர்கள் வாதம். மே 4-இல் எழுதிய முத்துக் கதையோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 15

தடைக்காலம் முடிந்தது, வீட்டில் ஐஸ் பெட்டியும் டீசலுமாக ஒரே ஓட்டம். உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வருங்கால மாமியாரைக் கடைக்கு அழைத்துப் போனதும், அவர் தாளைத் தானே கேட்டு வாங்கிப் படித்ததும் நீங்கள் எழுதியதில் படித்தேன். மகிழ்ச்சி, தம்பி. அவர் கடைசியில் பெரிய கடைதான் வேண்டும் என்றாலும் வருந்த வேண்டாம். ஐஜிஐ தாளும், திரும்ப எடுத்துக்கொள்ளும் விகிதத்தை எழுதிய பில்லும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் நீங்கள் கொடுக்கும் அதிகப் பணத்துக்கு ஒரு பொருள் கையில் இருக்கிறது. அவர் மன நிம்மதிக்கும் விலை உண்டு என்பதை ஏப்ரல் தொடக்கத்தில் நான் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. அம்மாவின் தோட்டைப் பார்த்த பிறகு நினைக்கிறேன்.

எங்கே வாங்கினாலும் பில்லில் இவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும்: மொத்த எடை, கல் கழித்த தங்க எடை, கல்லின் எடை சென்ட்டில், நிறம், தெளிவு, தாள் எண், கல்லின் விலை, செய்கூலி, வரி. “வைர மோதிரம் ஒன்று” என்று ஒற்றை வரியில் ஒற்றைத் தொகை போட்டால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மோதிரத்தின் உட்புறம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 18 காரட்டைக் குறிக்கும் 750, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹெச்யுஐடி என்ற அடையாள எண் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்குப் பொறுப்பேற்காது. கடையில் சிலர் இரண்டையும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

விரல் அளவு கேட்டிருந்தீர்கள். காலையில் எடுக்க வேண்டாம், மாலையில் எடுங்கள், நம் ஊர் வெக்கையில் விரல் தடிக்கும். முட்டியைத் தாண்டி வரும்போது லேசாகத் தடுக்க வேண்டும். சுற்றிலும் கல் பதித்த வளையம் வேண்டாம், பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஆசாரிக்கு இடம் இருக்காது. ஒற்றைக் கல்லே போதும்.